இலக்கம் இல்லாத கரண்டி

தம்பி,

மூன்று கிழமைக்கு முன்னர் நீ எங்கள் சாப்பாட்டு மேசையில் ஒரு சின்னக் கரண்டியை வைத்துவிட்டுப் போனாய். நோர்வேக்கு வந்து முதலில் குரோருட்டில் நாங்கள் இருந்த காலத்தில் எங்களுக்கு எதிர்க்கதவில் இருந்த சிக்ரிட் செத்துப்போய்விட்டார் என்றும், அவருடைய பெறாமகள் லீவ், கூடப்பிறந்தவரின் மகள், இதை உன் பெயருக்குப் பொதி பண்ணி அனுப்பியிருக்கிறார் என்றும் சொன்னாய். உன் முகத்தில் சந்தோஷம் இல்லை. "அவவுக்கு எங்களைக் கண்ணிலை காட்டக் கூடாது. பேந்து ஏன் எனக்கு இதை விட்டிட்டுப் போனவ? அப்பா, உங்களுக்கு இப்ப நேரம் கிடக்குத்தானே, ஆர் செய்த கரண்டி எண்டு ஒருக்காப் பாருங்கோ. விலையான சாமான் எண்டால் அதையும் சொல்லித்தான் திருப்பிக் குடுக்க வேணும். எனக்கு இது வேண்டாம்" என்றாய். வாற சனிக்கிழமை லீவிடம் கொண்டுபோய்க் கொடுக்கப்போகிறாய். இன்று புதன்கிழமை. தொலைபேசியில் சொல்லலாம்தான். ஆனால் என்னை எனக்குத் தெரியும், வாயால் சொல்லத் தொடங்கினால் பாதியில் சளாப்பிவிட்டு வானிலை கதைக்கத் தொடங்கிவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கரண்டி அமெரிக்காவில் செய்தது. நூற்றைம்பது வருடத்துக்கும் கூடின வயது. பிடியின் நுனி வயலின் வாத்தியத்தின் உடம்பு மாதிரி அகன்று, கிண்ணத்துக்குக் கிட்ட இரண்டு பக்கமும் தோள் வைத்திருக்கிறது பார், அது அந்தக் காலத்து அமெரிக்கக் கரண்டிகளில் அதிகம் காணப்படுகிற வடிவம். பிடியில் வெட்டியிருக்கிற இரண்டு எழுத்து செய்தவருடையது இல்லை, முதலில் வைத்திருந்தவருடையது. செய்தவர் விஷயம் பின்பக்கத்தில். ஒரு சின்ன நீள்சதுரத்துக்குள் பெயர் குத்தியிருக்கிறது. பாதி தேய்ந்து போய்விட்டது. நான் முதலில் பூதக்கண்ணாடியால் பார்த்தேன், பிறகு பென்சில் கரியை மெல்லிய தாளில் தேய்த்து எடுத்தேன், பிறகு யன்னலோரம் வெயில் சரிவாக விழுகிற நேரம் பார்த்துப் படம் பிடித்தேன். ஏ. பெல்டர்வுட். அந்தப் பெயரைத் தேடி நூலகத்தில் தடித்த புத்தகம் ஒன்றைப் புரட்டினேன். கடைசியில் பழைய கரண்டி சேர்க்கிறவர்களின் இணையத்தளம் ஒன்றில் எழுதிக் கேட்டேன். அமெரிக்காவிலிருந்து ஒரு அம்மா, தன்னிடம் இருக்கிற கரண்டியில் இதே முத்திரையைப் படம் எடுத்து அனுப்பினார். பெல்டர்வுட் நியூயோர்க்குக்கு வடக்கே ஒரு சின்னப் பட்டணத்தில் மணிக்கூடு திருத்தினவராம். அங்கேதான் சிக்கல். அந்த நாளில் மணிக்கூட்டுக் கடைக்காரர் பலர் பெரிய பட்டறைகளில் கரண்டியை வாங்கித் தங்கள் பெயரைக் குத்தி விற்றார்களாம். அதனால் பெல்டர்வுட் தானே தட்டிச் செய்தாரா, வாங்கி விற்றாரா என்று அறுதியாகச் சொல்ல முடியாது. இது பற்றி இதற்கு மேல் எனக்குத் தெரியாது.

எல்லாவற்றையும் உறுதிப்படுத்த, பட்டணத்தில் பழைய வெள்ளிச் சாமான் விற்கிற ஒருவரிடமும் கொண்டுபோனேன். என்னைவிட வயது கூடின மனிசன். கண்ணாடியைக் கண்ணில் சொருகிக்கொண்டு பார்த்தார். "வெள்ளிதானா? பின்னாலே இலக்கம் ஒன்றும் இல்லையே" என்று கேட்டேன். அவர் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். "இலக்கம் அடிக்கிறது எங்கள் பழக்கம். எண்ணூற்று முப்பது என்று அடிப்போம். அவர்கள் அந்தக் காலத்தில் பெயரை மட்டும்தான் அடித்தார்கள். நாணயத்தை உருக்கிச் செய்தது. ஆயிரத்துக்குத் தொள்ளாயிரம் பங்கு வெள்ளி. எங்கள் கரண்டியைவிட இது சுத்தம். ஆளைத் தெரிந்தால் வெள்ளியை நம்பலாம், அவ்வளவுதான்" என்றார். கடையை விட்டு வெளியே வந்து ட்ராம் தரிப்பிடத்தில் நின்றேன். இரண்டு ட்ராம் போய்விட்டது. ஏறவில்லை.

ஏன் என்றால் தம்பி, நீ மேசையில் வைத்த நிமிடமே எனக்கு அந்தக் கரண்டியைத் தெரியும். அன்று அம்மா வீட்டில் இல்லை, பிறகும் அவர் கண்ணில் படாமல் வைத்திருந்தேன். இந்த மூன்று கிழமையும் நான் தேடியது பெல்டர்வுட்டை இல்லை. உன்னிடம் உண்மையைச் சொல்லாமல் இருக்க ஒரு வேலை வேண்டியிருந்தது. கடமையாகச் செய்கிறேன் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டு திரிந்தேன். அந்தக் கரண்டி உன்னுடையது. முப்பத்திரண்டு வருடமாக உன்னுடையது.

உன் ஞானஸ்நானத்துக்கு சிக்ரிட் தந்தது. நீ பிறந்து மூன்று மாதம். நாங்கள் இந்த நாட்டுக்கு வந்து இரண்டு வருடம் ஆகவில்லை. கோயில் முடிந்து, எங்கள் அடுக்குமாடியின் பொது மண்டபத்தில் சாப்பாடு. மன்னார்ப் பக்கத்து ஆட்கள், தீவுப் பக்கத்து ஆட்கள் என்று அறிந்தவர் எல்லாரும் வந்திருந்தார்கள். உனக்குக் காப்பு, சங்கிலி, மோதிரம் என்று வந்து குவிந்தது. எல்லாம் சிவப்புப் பெட்டியில், பஞ்சுக்கு மேல். சிக்ரிட் நீலச் சட்டை போட்டுக்கொண்டு தனியாக வந்தார். அங்கிருந்த ஒரே நோர்வேக்காரர் அவர்தான். ஒரு மென்தாளில் சுற்றின கரண்டியை உன் தொட்டிலில் வைத்துவிட்டு என்னிடம் நெடுநேரம் என்னவோ சொன்னார். அப்போது என்னிடம் இருந்த நோர்வேஜியன் கடைக்கும் பஸ்ஸுக்கும் மட்டும் காணும். தலையை ஆட்டினேன். இந்த நாட்டில் ஞானஸ்நானப் பிள்ளைக்கு வெள்ளிக் கரண்டி கொடுக்கிறது வழக்கம் என்றாவது எனக்குத் தெரியும். ஆனால் வழக்கம் என்றால் புதுசு வாங்கி, பிள்ளையின் பெயர் வெட்டி, பெட்டியில் கொடுக்க வேண்டும் என்று நானே முடிவு கட்டி வைத்திருந்தேன்.

அவர் போனதும் எங்கள் ஆட்களில் ஒருவர் கரண்டியை எடுத்தார். பெயர் வேண்டாம், இப்போதும் நம் கோயிலுக்கு வருகிறவர்தான். புரட்டிப் பார்த்தார். "மச்சான், இதிலை இலக்கம் இல்லை. வேறை ஆற்றையோ எழுத்தும் வெட்டிக் கிடக்கு. வீட்டிலை கிடந்த பழசைத் தூக்கித் தந்திட்டுப் போகுது மனிசி. அகதியள் எண்டால் இவைக்கு இவ்வளவுதான்" என்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் வாங்கிப் பார்த்தேன். நானும் சிரித்தேன். உள்ளுக்குள் மானம் போய்விட்டது.

இதில் நான் எதைச் சொல்லித் தப்புவது? நான் ஒன்றும் தெரியாதவன் இல்லையே. ஊரில் கூட்டுறவுச் சங்கத்தின் அடகுப் பிரிவில் ஒன்பது வருடம் இருந்தவன். காலையில் கதவு திறந்தால் பின்னேரம் வரை நகையைக் கையில் வாங்கிப் புரட்டுவதுதான் என் வேலை. அந்த நகைகளில் எதில் இலக்கம் இருந்தது? ஒன்றிலும் இல்லை. நகை செய்கிற எங்கள் பத்தர்மார் எப்போது இலக்கம் அடித்தார்கள்? "இது ஆர் செய்தது?" என்று கேட்பேன். பத்தரின் பெயரைச் சொல்வார்கள். நல்ல கையென்றால் உரைகல்லை ஒரு பேச்சுக்குத் தொட்டுவிட்டு எழுதுவேன். ஆளின் பெயர்தான் எங்களுக்கு முத்திரை. அப்படி இருந்த நான், இங்கே வந்து ஒரு ஹோட்டலின் பின்கட்டில் கோப்பை கழுவி, விருந்துக் கரண்டிகளைத் துடைத்துத் துடைத்து, எண்ணூற்று முப்பது என்று குத்தியிருந்தால்தான் வெள்ளி என்று படித்துக்கொண்டேன். இரண்டு வருடத்தில் ஒன்பது வருடத்தை மறந்துவிட்டேன். பெயர் ஒன்று குத்தியிருந்ததைக் கண்டேன் தம்பி. கண்டும் "இது ஆர் செய்தது?" என்று கேட்கவில்லை. அவமானப்பட வேண்டும் என்று காத்துக்கொண்டு இருந்தவனுக்கு ஒரு சாட்டுக் கிடைத்தது. அவ்வளவுதான்.

மறுநாள் கரண்டியை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு எதிர்க்கதவைத் தட்டினேன். அம்மா உள்ளே உன்னைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். சிக்ரிட் கதவைத் திறந்ததும் உள்ளே வரச்சொல்லிக் கையைக் காட்டினார். நான் போகவில்லை. பையை நீட்டினேன். இரவு முழுக்கச் சொல்லிச் சொல்லிப் பாடமாக்கின வசனம் ஒன்று வைத்திருந்தேன், "எங்களுக்குப் பழைய சாமான் தேவையில்லை" என்று. என் வாழ்க்கையில் பிழையில்லாமல் நான் பேசின முதல் நோர்வேஜியன் வசனம் அதுதான். அவர் பைக்குள் பார்த்தார். என்னைப் பார்த்தார். "யா வெல்" என்றார். சரி என்று அர்த்தம். கதவை மெதுவாகத்தான் சாத்தினார். எனக்கு ஏதோ பெரிய வெற்றி மாதிரி இருந்தது. அதை நினைக்க இப்போது நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

அதோடு விட்டிருந்தால் ஒரு பிழை. நான் அதற்கு மேல் அடுக்கினேன். அம்மா "கரண்டி எங்கை?" என்று கேட்டபோது, நகைகளோடு வங்கிப் பெட்டகத்தில் வைத்துவிட்டேன் என்றேன். பெட்டகத்துக்குப் போய்வருகிறது எப்போதும் நான்தான். உனக்கு நாலைந்து வயது வந்தபோது சிக்ரிட் படிக்கட்டில் உன்னைக் கண்டால் வாஃபெல் சாப்பிட வரச்சொல்லிக் கூப்பிடுவார். நீயும் ஓடப் பார்ப்பாய். எனக்குப் பயம். அங்கே போனால் கரண்டியைக் காட்டிவிடுவாரோ, கதை அம்மாவிடம் போய்விடுமோ என்று பயம். உன் கையைப் பிடித்து உள்ளே இழுத்து, "அங்கை போகாதை, அவவுக்கு எங்களைப் பிடிக்காது" என்றேன். "ஏன் அப்பா?" என்று கேட்டாய். "எங்கடை நிறம்" என்றேன். ஐந்து வயதுப் பிள்ளைக்குச் சொன்னேன். அதற்குப் பிறகு நீ அவரைக் கண்டால் சுவரோடு ஒட்டிக்கொண்டு இறங்குவாய். அவர் ஹாய் சொன்னால் குனிந்துகொள்வாய். நீ ஏன் அங்கே போவதில்லை என்று அம்மா கேட்டால் பிள்ளைக்கு வெட்கம் என்பேன். ஆளுக்கு ஒரு பொய் தனித்தனியாக வைத்திருந்தேன்.

நீ ஒன்பதாம் வகுப்பில் ஒரு கட்டுரை எழுதினாய். ஞாபகம் இருக்கும். எதிர்க்கதவில் இருக்கிற, எங்கள் நிறத்தைப் பிடிக்காத ஒரு மனிசியைப் பற்றி. பெற்றோர் கூட்டத்தில் ஆசிரியை உன்னை எழுப்பி வாசிக்கச் சொன்னார். அம்மாவுக்கு அன்று வேலை, நான்தான் வந்திருந்தேன். நீ நல்லாக எழுதியிருந்தாய். ஒரு பிள்ளை படிக்கட்டில் மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறதை எழுதியிருந்தாய். வாசித்து முடிய எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். எழும்பி நின்று தட்டினேன். அதற்குப் பிறகு எத்தனை தடவை கோயிலில் குருவிடம் பாவசங்கீர்த்தனம் செய்திருக்கிறேன். கோபம் வந்தது, பொய் சொன்னேன் என்று பொதுப்படையாகச் சொல்லிவிட்டு எழும்பி வந்திருக்கிறேன். இதை ஒருநாளும் வாய் திறந்து சொல்லவில்லை.

எங்களைப் பிடிக்காத ஆட்கள் இந்த நாட்டில் இல்லை என்று நான் சொல்லவரவில்லை. நீயும் சிலரைச் சந்தித்திருக்கிறாய், அதை மறுக்க எனக்கு உரிமை இல்லை. சிக்ரிட் அவர்களில் ஒருவர் இல்லை என்பதைத்தான் சொல்கிறேன். அவரை அந்த வரிசையில் கொண்டுபோய் நிறுத்தினவன் நான்.

போன கிழமை பொதியில் இருந்த தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்து லீவைச் சந்தித்தேன். சிக்ரிட்டின் வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தார். அதே கதவு. இந்தமுறை உள்ளே போனேன். நடந்ததை ஒன்றும் விடாமல் சொன்னேன். எனக்கு இப்போது நோர்வேஜியன் நன்றாக வருகிறது, அந்தச் சாட்டும் இல்லை. பிறகு லீவ் கரண்டியின் கதையைச் சொன்னார், அன்று மண்டபத்தில் சிக்ரிட் எனக்குச் சொன்ன அதே கதையைத்தான். சிக்ரிட்டின் பாட்டி இளவயதில் அமெரிக்காவுக்குப் போய் ஒரு வீட்டில் சமையல்காரியாக இருந்திருக்கிறார். திரும்பி வரும்போது அந்த வீட்டு அம்மா தன் கரண்டிகளில் ஒன்றைக் கொடுத்திருக்கிறார். பிடியில் இருக்கிற எழுத்து அந்த அம்மாவுடையது. அதற்குப் பிறகு இவர்கள் குடும்பத்தில் பிறந்த பிள்ளைகள் எல்லாருக்கும் முதல் கஞ்சி ஊட்டினது அந்தக் கரண்டியால். சிக்ரிட்டுக்குப் பிள்ளை இல்லை. தன் முறைக்கு வந்த கரண்டியை உனக்குத் தந்திருக்கிறார். லீவுக்கே அப்போது கொஞ்சம் மனத்தாங்கலாம். "நான் கேட்டேன், ஏன் எங்கள் குடும்பத்துக்கு வெளியே கொடுக்கிறீர்கள் என்று" என்றார். "அந்தப் பிள்ளைதான் எனக்குக் கிட்ட இருக்கிற பிள்ளை" என்று சிக்ரிட் சொன்னாராம். நான் கரண்டியைத் திருப்பிக் கொடுத்ததைப் பற்றி என்ன சொன்னார் என்று கேட்டேன். "பிழை என்னுடையது, பெட்டி ஒன்றில் வைத்துக் கொடுத்திருக்க வேண்டும், முதலில் அவர்கள் வீட்டில் போய் இருந்து ஆறுதலாகக் கதையைச் சொல்லியிருக்க வேண்டும்" என்றாராம்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. கதிரையை இழுத்து இருந்தார். "இஞ்சாருங்கோ, நான் ஒவ்வொரு நத்தார்ப் பெருநாளுக்கும் அவவுக்குப் பலகாரம் குடுக்கேக்கை என்ன சொல்லுறனான் தெரியுமே?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது. எட்டுக் கதவுக்கும் பலகாரம் கொடுக்கிறவர், எங்கே என்ன சொல்கிறார் என்று நான் கேட்டதில்லை. "நீங்கள் தந்த கரண்டி பத்திரமாக் கிடக்கு, தம்பிக்கு ஒரு பிள்ளை பிறந்தால் அதாலைதான் முதல் சோறு தீத்துவம் எண்டு சொல்லுறனான். எல்லிங்ஸ்ருட்டுக்கு வீடு மாறி வந்த பிறகும் வருஷா வருஷம் போய்ச் சொன்னனான். அவ என்ரை ரெண்டு கையையும் பிடிச்சுக்கொண்டு, சந்தோஷம், சந்தோஷம் எண்டு சொல்லுறவ" என்றார். அந்த நேரமெல்லாம் கரண்டி சிக்ரிட்டின் மேசை லாச்சிக்குள் கிடந்திருக்கிறது, தம்பி. அம்மா பொய்க்காரியாய் நிற்கக் கூடாது என்று, ஒவ்வொரு வருடமும் என் பொய்யை சிக்ரிட் தன் வாயால் காப்பாற்றியிருக்கிறார். ஒரு சொல் சொல்லியிருந்தால் என் வண்டவாளம் அன்றைக்கே தண்டவாளம் ஏறியிருக்கும். அம்மா மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை. இன்று காலைதான் "தம்பிக்கு எழுதிப்போட்டியளே?" என்று கேட்டார்.

புத்தி சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். சனிக்கிழமை அந்தக் கரண்டியைக் கொண்டுபோய்க் கொடுத்துவிடாதே. ஒருதரம் திருப்பிக் கொடுத்தது போதும். என்னை நீ என்ன செய்தாலும் சரி, கதைக்காமல் விட்டாலும் சரி. சிக்ரிட்டைப் பற்றி உன் மனதில் இருக்கிறதை மட்டும் மாற்று. அவர் உன்னைப் பிடிக்காதவர் இல்லை. அந்தப் படிக்கட்டில் உன்னைக் கூப்பிட்டது உண்மையாகவே உன்னைக் காண ஆசைப்பட்டுத்தான்.

வாற ஞாயிற்றுக்கிழமை உன் பிள்ளைக்கு முதல் சோறு தீத்த என்னைத்தான் கேட்டிருக்கிறாய். அப்பப்பாவின் கைதான் முதலில் என்று. நான் தீத்தமாட்டேன். லீவ் வந்து தீத்தட்டும் என்று அவரிடம் கேட்டுப் பார்த்தேன். அவர் எதையும் மூடி மறைத்துப் பேசுகிறவர் இல்லை. "உங்கள் மகன் கூப்பிட்டால் வருவேன். நீங்கள் கூப்பிட்டு வரமாட்டேன்" என்றார். சரியாகத்தான் சொன்னார். நீ கூப்பிடு. கூப்பிடும்போது, நான் அங்கே இருக்கலாமா என்பதையும் அவரிடமே கேள். உன்னிடம் கேட்டால் அப்பா பாவம் என்று விட்டுவிடுவாய், அதனால்தான் அவரிடம் கேட்கச் சொல்கிறேன். அவர் வேண்டாம் என்றால் அம்மாவை மட்டும் பஸ் ஏற்றிவிடுகிறேன். நீ எனக்காகப் பரிந்து பேசாதே.

அப்பா